லாடம் வைத்த பூட்ஸும் ஒரு உருண்டைப் பொட்டலமும்

அப்பா போய் இருபத்திரண்டாவது நாள். காலை பத்து மணி இருக்கும். தெருக்கோடியில் அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக். டக். டக்.

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த பாப்பாவின் கால் அப்படியே நின்றது. ஊசி துணிக்குள் பாதி இறங்கியிருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"பாப்பா, அப்பா வந்துட்டாரு பாரு. வெந்நீர் எடுத்து வை."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கு வந்து நின்றாள். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாப்பா என்றால் ஏதோ கைக்குழந்தை என்று நினைத்துவிடக் கூடாது. வயது நாற்பத்து மூன்று. காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கிற சட்டை இவள் தைத்தது. வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், வீட்டோடு மாப்பிள்ளை. ஆனாலும் அப்பா கடைசி வரைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டதால் தெருவும் அப்படியே கூப்பிட்டது.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் அவள் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

அப்பா பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அதில் ஒரு சண்டையையும் பார்த்தவர். திரும்பி வந்து போலீஸில் சேர்ந்தார், ஏட்டு ஆனார், ஏட்டாகவே ஓய்வு பெற்றார். பட்டாளம் அவரை விட்டாலும் அவர் பட்டாளத்தை விடவில்லை. காலையில் எழுந்ததும் படுக்கை விரிப்பை நான்கு மூலையும் கத்தி போல மடிப்பார். தண்ணீர் குடிப்பதைக்கூட நிமிர்ந்து நின்றுதான் குடிப்பார். அம்மாவுக்கு மேஜர் என்று பட்டம் கொடுத்திருந்தார். "இந்த வீட்ல நான் சிப்பாய், பாப்பா சிப்பாய். உத்தரவு போடறது மேஜர்" என்பார். அதற்கு அம்மா, "மேஜர்தான் பாத்திரம் தேய்க்குது பாருங்க" என்பாள். உடனே சிப்பாய் போய்ப் பாத்திரம் தேய்ப்பார்.

பாப்பாவுக்குத் தலை பின்னி விட்டதும் அவர்தான். அம்மா பின்னினால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அவிழ்ந்துவிடும். அப்பா பின்னினால் அது கூடாரக் கயிறு. ராத்திரி அவிழ்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். இழுத்த இழுப்பில் பாப்பாவின் புருவம் இரண்டும் மேலே ஏறி, எந்நேரமும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டவள் போலவே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். டீச்சர் கூட ஒருநாள், "இதுல அதிசயப்பட ஒண்ணும் இல்லம்மா, வெறும் கழித்தல் கணக்குதான்" என்று சொல்லிவிட்டார்.

வேலைக்குக் கிளம்பும்போது பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடியே ஒரு வேண்டுதல் செய்வார். நீளமான ஜெபம் எல்லாம் இல்லை. "ஆண்டவனே, இன்னைக்கு யார் மேலயும் கை வைக்கிற மாதிரி எனக்கு வெச்சுடாத." அவ்வளவுதான். வலது பூட்ஸுக்குத் தொடங்கினால் இடது பூட்ஸுக்கு முடிந்துவிடும்.

அந்த பூட்ஸில்தான் விஷயம். குதிகாலில் இரும்பு லாடம் அடித்திருந்தார். செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி, மாட்டுக்கு அடிப்பதைப் போலப் பிறை வடிவத்தில், ஒவ்வொரு காலுக்கும் மூன்று ஆணி வைத்து. நடந்தால் தெரு முழுக்கக் கேட்கும். தெருக்கோடியில் அவர் திரும்பும்போதே இந்தக் கோடியில் எல்லாரும் திருந்திவிடுவார்கள். சீட்டு ஆடுகிறவர்கள் சீட்டை மடிப்பார்கள். எடைக்கல்லைத் தேய்த்து வைத்திருக்கிற கடைக்காரர் நல்ல கல்லை எடுத்து வைப்பார். புருஷன் பெண்டாட்டி சண்டை பாதி வாக்கியத்தில் நிற்கும். பாப்பா கதைப் புத்தகத்தை ஒளித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை விரித்து வைப்பாள். அப்பா வந்து பார்க்கும்போது உலகமே ஒழுங்காக இருக்கும்.

"என்னங்க, நீங்க போலீஸா, கோயில் மணியா?" என்று அம்மா கேட்பாள்.

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவனவன் நல்லவனா ஆயிட்டா எனக்கு வேலை மிச்சம்தானே, மேஜர்" என்பார்.

தெருவில் அவருக்கு லாடம் என்றே பெயர் ஆகிவிட்டது. முகத்துக்கு நேராக ஏட்டய்யா, முதுகுக்குப் பின்னால் லாடம்.

பாப்பாவுக்குப் பத்து வயதானபோது இந்த லாடத்துக்கு ஒரு கண்டம் வந்தது.

எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை. ஒருநாள் விடியற்காலையில் எவனோ பூட்டை உடைத்து, காற்றடிக்கும் பம்பையும் இரண்டு டயரையும் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். தெருமுனையில் டக் டக் என்று கேட்டிருக்கிறது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிட்டான். பொருளெல்லாம் வாசலிலேயே கிடந்தது. ஒரு டயர் மட்டும் உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்திருந்தது.

பொருள் கிடைத்தால் சந்தோஷப்படுவதுதானே மனுஷ குணம்? சைக்கிள் கடைக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. கிடைத்ததை எண்ணாமல் ஓடினவனை எண்ணிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். வாலிபர், விறைப்பானவர், கருகருவென்று வாரின தலை. அவர் விசாரிக்க வந்தபோது தெருவே கூடி நின்றது. பாப்பாவும் புருவத்தைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

"ஐயா, உங்க ஏட்டு தங்கமான மனுஷன்தான். ஆனா அவரு வர்றதுக்கு முன்னாடி அவரு காலு வந்துடுது. திருடன் என்ன செவிடனா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"ஏட்டு, காலைத் தூக்குங்க."

அப்பா, லாடம் அடிக்க நிற்கும் குதிரை மாதிரி ஒரு காலைப் பின்னால் மடக்கிக் காட்டினார்.

"இது பூட்ஸா, இல்ல வண்டி மாடா? யார் அடிக்கச் சொன்னது?"

"நானேதாங்கய்யா."

"எதுக்கு?"

அப்பா ஒற்றைக் காலிலேயே நின்றபடி, "குதிகால் தேயாதுங்கய்யா" என்றார்.

அது முழு உண்மை இல்லை என்று பாப்பாவுக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நாளையிலேருந்து ரப்பர் அடி பூட்ஸ்தான். ஒரு மாசம் கழிச்சு விசாரணை. நீங்க தெரியாம சத்தம் போட்டீங்களா, இல்ல தெரிஞ்சே திருடனுக்கு மணி அடிக்கிறீங்களான்னு பார்க்கணும். தெரிஞ்சேன்னா, இந்த உடுப்பை மறந்துட வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூடிக்கொண்டது. சைக்கிள் கடைக்காரருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாப்பா மட்டும் அப்பாவின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். ஏனென்றால் அப்பா தெரிந்தேதான் சத்தம் போடுகிறார். அவருக்குப் பொய் சொல்லவும் வராது. விசாரணையில் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

ரப்பர் பூட்ஸ் வந்தது. அன்று பிடித்தது சனி.

முதல் நாள் சாயங்காலம் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் கொல்லைப்புறத்தில் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரரு இருக்காரே, அவருக்குச் சொந்த புத்தி அரைப்படி, இரவல் புத்தி ஒரு படி..." பக்கத்து வீட்டு அக்காவின் கண் அம்மாவின் தோளைத் தாண்டிப் போனது. அம்மா திரும்பினாள். அப்பா நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த குடம் கீழே விழுந்து நசுங்கியது.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"அரைப்படியிலேருந்து."

"பூனை மாதிரி வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

"இதுதானே முதல் தடவை" என்றார் அப்பா, பாவமாக.

அடுத்த நாள் சைக்கிள் கடைக்காரர் ஒரு மட்கார்டைப் பிடித்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அப்பா பின்னால் போய், "என்ன, கடையெல்லாம் பத்திரமா இருக்கா?" என்றார். சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது.

"ஐயோ! ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா ஏட்டய்யா?"

"சொல்லிட்டு வந்ததுக்குத்தானேப்பா புகார் குடுத்தே."

அதன் பிறகு அப்பா தெருவில் இருமிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டு ஒரு இருமல் மருந்து பாட்டிலைக் கையில் திணித்தார். நான்காம் நாள் இரண்டு வீட்டிலிருந்து கஷாயம் வந்தது. சரி, இருமல் வேண்டாம் என்று பாட்டுப் பாடிக்கொண்டு போனார். அப்பாவுக்கு ஆண்டவன் எல்லாம் கொடுத்தான், குரலை மட்டும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். "லாடமே தேவலை" என்று தெரு முடிவுக்கு வந்தது. அது போதாதென்று, டக் டக் கேட்காமல் பிள்ளைகள் தூங்க மாட்டேன் என்கின்றன என்று தாய்மார்கள் புலம்பினார்கள். இத்தனை நாளும் அந்தச் சத்தம் போன பிறகுதான், ஏட்டய்யா போகிறார், இனிப் பயமில்லை என்று கண்ணை மூடியிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கொல்லைப் படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, எதுக்குப்பா லாடம் அடிச்சீங்க? நெசமாச் சொல்லுங்க."

அப்பா துணியால் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பட்டாளத்துல எனக்கு, படைக்கு முன்னாடி போய்ப் பாக்கற வேலைம்மா. சத்தமில்லாம நடக்கணும். காஞ்ச இலை மேல நடந்தாலும் சத்தம் வரக் கூடாது. அதுல நான்தான் கெட்டிக்காரன். மெடல் கூட அதுக்குத்தான். ஒருநாள் விடிகாலையில ஒரு ஓடைப் பக்கம் போறேன். எதிராளிப் பையன் ஒருத்தன் குந்திக்கிட்டுச் சட்டை துவைக்கிறான். என்னமோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு. அவனுக்குப் பின்னால நாலடியில நிக்கிறேன், அவனுக்குத் தெரியல. திரும்பினான்." அப்பா பூட்ஸைக் கீழே வைத்தார். "அவன் முகம் போன போக்கு இருக்கே. அப்பிடி ஒரு பயத்தை எந்த மனுஷன் முகத்துலயும் நான் கொண்டு வந்திருக்கக் கூடாது. இனிமே எவன் பின்னாலயும் சத்தமில்லாம போய் நிக்க மாட்டேன்னு அன்னைக்கே ஆண்டவன்கிட்ட சொல்லிட்டேன்."

"அந்த அண்ணன் அப்புறம் என்ன ஆனாரு?"

"சட்டையைக் காயப் போட்டிருப்பான்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அது பதில் இல்லை என்று பெரியவளான பிறகுதான் பாப்பாவுக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

பிறகு, மாதம் முடிய எட்டோ ஒன்பதோ நாள் இருக்கும்போது, பொட்டலம் வந்தது.

அன்று மத்தியானமே அப்பா வேலையிலிருந்து வந்துவிட்டாராம். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து தலை வாரலாம் என்று பார்த்தால் சீப்பைக் காணோம். தேடிப் பார்த்தால் கொல்லைச் சுவர் மேல் ஈரமாக இருந்தது. யார் எடுத்தது என்று தெரியவில்லை. அப்பாவுக்குச் சீப்பு எதற்கு? அவர் தலையில் இருந்ததே அரை அங்குல முடிதான். அதைத் துண்டால் துடைத்தால் போதும்.

கடையில் நூல்கண்டு வாங்கிவர அம்மா அனுப்பினாள். போகிற வழியில் அப்பாவின் சைக்கிள் அவளைத் தாண்டிப் போனது. அவளை அவர் கவனிக்கவில்லை. ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்து, இன்னொரு கையால் ஒரு பொட்டலத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோவது போலப் பதமாகப் போனார். பழைய செய்தித்தாளில் சுற்றின உருண்டையான பொட்டலம். முலாம்பழம் அளவு இருக்கும். மேலே சணல் கட்டு.

பாப்பா பின்னாலேயே ஓடினாள். சைக்கிள் போய் நின்றது இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலில். கதவு ஒரு சாண் திறந்தது. இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள்ளேயே தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றார். இப்படியும் அப்படியும் தெருவைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அப்பாவின் தோளில் கை வைத்து என்னவோ சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் தெருவில் டக் டக் என்று கேட்டது. லாடம் திரும்பி வந்துவிட்டது. விசாரணை இல்லை. ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் கை தட்டின. மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சைக்கிள் கடைக்காரர் மட்டும் கட்டுப் போட்ட கட்டைவிரலைத் தடவிக்கொண்டு, "நேத்து பொட்டலம் போச்சு, இன்னைக்கு ஃபைலு மூடிடுச்சு" என்றார். பொட்டலம் எந்த வீட்டுக்குப் போனதென்று அவரும் பார்த்திருக்கிறார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவர் கெட்ட மனுஷன் இல்லை. வாய்தான் காற்றடிக்கும் பம்பு மாதிரி, கையை வைத்தால் ஊதிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்கப்பா இன்ஸ்பெக்டருக்கு என்னடி குடுத்தாரு?" என்று கேட்டாள். பாப்பா பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள்.

வீட்டில் ஒரே ஒரு தடவை, "எப்படிப்பா விட்டுட்டாங்க?" என்று கேட்டாள்.

"ஐயா மனசு மாறிட்டாரும்மா. ஆண்டவன் நெனச்சா கல்லும் கரையும்" என்றார் அப்பா. சொல்லும்போது அவளைப் பார்க்காமல் பின்னலைப் பார்த்தார்.

பொட்டலத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டால் அப்பா பொய் சொல்ல மாட்டார். அதுதான் அவளுக்குப் பயம்.

இன்ஸ்பெக்டர் அடுத்த வருஷமே மாற்றலாகிப் போனார். பாப்பாவுக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணக்கு வரவில்லை. "வர்றதைப் படிக்கட்டும்" என்று அப்பா தையல் வகுப்பில் சேர்த்தார். வகுப்பு விடும் நேரத்துக்குக் குடையோடு எதிர்ப்புறம் நிற்பார். அதுவும் தெருமுனையிலிருந்தே டக் டக் என்று தெரிவித்துவிட்டுத்தான் வருவார். அந்த இடைவெளியில்தான் பாப்பா, பஸ் கண்டக்டராக இருந்த தன் வருங்கால வீட்டுக்காரரிடம் "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்புவாள். பிறகு அவர் வீட்டில் வந்து பெண் கேட்டபோது அப்பா, "ரெண்டு வருஷமா நான் கொஞ்சம் மெதுவாத்தான் நடந்தேன் மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் மகளிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பட்டன் தைக்கும் வேலை. அவர் தைத்த பட்டன் சட்டை கிழிந்தாலும் விழாது. மூக்குக் கண்ணாடியும் ஊசியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம், நாலு கண் பட்டனில் மூன்றாவது கண் வரைக்கும் நூல் ஓட்டியபடி, தலையைச் சாய்த்தவர் நிமிரவில்லை. நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். சைக்கிள் கடைக்காரர் வந்து ஓவென்று அழுதார். அழுதுவிட்டு வாசலில் நின்று யாரிடமோ, "என்ன ஒண்ணு, அந்தப் பொட்டலம்தான்..." என்று இழுத்தது பாப்பாவின் காதில் விழுந்தது. முப்பத்து மூன்று வருஷத்து நெருஞ்சி முள் அன்றைக்கும் குத்தியது. தினமும் கும்பிடும்போது எல்லாவற்றையும் ஆண்டவனிடம் சொல்லுகிறவள், இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அப்பாவைக் காட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும் என்று இருந்தாள்.

இப்போது அந்த டக் டக் வாசலில் வந்து நின்றுவிட்டது.

"ஏட்டய்யா வீடு இதுதானே?"

வந்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். தலை கண்ணாடி மாதிரி பளபளத்தது. முடி என்று பேருக்கு ஒன்று கூட இல்லை. பாப்பாவுக்கு யாரென்று தெரியவில்லை. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"உன் புருவம் மாறவே இல்லம்மா" என்றார் அவர் பாப்பாவிடம். "நான் இன்ஸ்பெக்டர். சைக்கிள் கடைத் திருட்டு. ஞாபகம் இருக்கா?"

பாப்பா நாற்காலி போட்டாள். அவர் உட்கார்ந்து, ஜன்னலோரம் இருந்த பட்டன் டப்பாவைப் பார்த்தார், சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்தில் நேற்றுத்தான் விஷயம் தெரிந்ததாம். விடியற்காலை வண்டி பிடித்து வந்தாராம். பாப்பா காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். இவரையும் விட்டால் கேட்பதற்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க." சேலை முந்தானையைத் திருகினாள். "அப்பா உங்க வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொண்டு வந்தாரு. நான் பாத்தேன். அதுல என்ன இருந்துச்சு?"

அவர் கையைத் தூக்கித் தன் வழுக்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதுதான் இருந்துச்சு."

"எது?"

"என் தலைமுடி. டோப்பா."

பாப்பாவுக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார்.

"இருபத்தஞ்சு வயசுலயே எனக்குக் கொட்டிப்போச்சும்மா. ஒரு ஜீவனுக்குத் தெரியாது. வெயில் காலம் வேற. மத்தியானத்துல அறைக் கதவைச் சாத்திட்டு, அதைக் கழட்டி மேஜை மேல காத்தாட வெச்சிட்டு, டீ குடிச்சிக்கிட்டிருந்தேன். யாராவது வந்தா காலடிச் சத்தம் கேக்கும், எடுத்து மாட்டிக்கலாம்னு தைரியம். அன்னைக்குக் கதவு தொறந்தது, உங்கப்பா சல்யூட் அடிச்சு நிக்கிறாரு. ரப்பர் பூட்ஸு! ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. நான் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சதுல டீ பூரா டோப்பா மேல கொட்டிடுச்சு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கப்பா அசையல. 'ஐயா, நான் எதையும் பாக்கலீங்க'ன்னாரு, அதையே பாத்துக்கிட்டு. அப்புறம், 'தொப்பியைப் போட்டுக்குங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டாறேன்'னு அதைத் தன் கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாரு. அலசி, காய வெச்சு, வாரி, வகிடு கூட எடுத்துக் கொண்டு வந்தாரு. நான் எடுக்கிறதைவிட நேரா இருந்துச்சு அந்த வகிடு."

பாப்பாவுக்கு ஈரச் சீப்பு ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அதுவா!" என்றாள் அம்மா திடீரென்று. "வாளியில ஊறிக்கிட்டிருந்துச்சே, கறுப்பா! செத்த பூனைக்குட்டின்னு நெனச்சு நான் குச்சியால தூக்கி எறியப் போனேன். 'தொடாத மேஜர், அது சாட்சிப் பொருள்'னு அலறிக்கிட்டு ஓடி வந்தாரு."

"அம்மா! இத்தனை வருஷமா ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா?"

முப்பத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், கேட்காமல் விட்ட கேள்வி.

இன்ஸ்பெக்டர் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"அன்னைக்கு வாசல்ல வெச்சு உங்கப்பாகிட்ட, எனக்கு ரெண்டு மாசத்துல கல்யாணம், பொண்ணு வீட்டுக்கு இது தெரியாது, தயவு பண்ணி வெளிய சொல்லிடாதீங்கன்னு கேட்டேன். 'சொல்ல மாட்டேங்கய்யா. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே முன்கூட்டிச் சத்தம் கொடுத்துடுங்க. திடீர்னு பாத்தா பயந்துடும்'னாரு. அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். மறுநாள் விசாரணைக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, பழைய பூட்ஸையே போட்டுக்கச் சொல்லிட்டேன். அந்த வாரமே பொண்ணைப் போய்ப் பாத்து, எதிர்ல நின்னு கழட்டிக் காட்டிட்டேன். அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. இன்னைக்கும் சிரிக்கிறா. மூணு பிள்ளைங்க." காலை நீட்டி செருப்பைத் திருப்பிக் காட்டினார். குதிகாலில் பிறை மாதிரி இரும்பு மின்னியது. "அப்புறம் நானும் அடிச்சுக்கிட்டேன்."

பாப்பா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். ஊர் பேசினதெல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒரு வார்த்தையில் வாயடைத்திருக்கலாம். அடுத்தவர் மானத்துக்காகத் தன் பேர் மேல் புழுதி படிந்தால் படியட்டும் என்று விட்டுவிட்டார். ஆண்டவனே, இந்த மனுஷனையா நான் சந்தேகப்பட்டேன் என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

"தெருவுல அந்தப் பொட்டலத்தைப் பத்தி ஏதாவது பேசினாங்களா?" என்றார் அவர்.

பாப்பா தயங்கினாள். அம்மா தயங்கவில்லை. "பேசாம? எதிர்ல இருக்காரே சைக்கிள் கடைக்காரரு, இன்னும் பேசறாரு."

"அப்ப ஒரு நடை போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"வேண்டாங்கய்யா" என்றாள் பாப்பா. "அப்பாவே மறைச்சு வெச்சது. நீங்க எதுக்கு உங்க..."

"எதுக்கு வேண்டாம்?" என்று அம்மா குறுக்கே விழுந்தாள். "மேஜர் உத்தரவு போடறேன். நல்லாப் போய்ச் சொல்லட்டும். தலையையும் காட்டட்டும்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். விறைப்பாக எழுந்து அம்மாவுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே இறங்கினார். பாப்பா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். டக். டக். டக். டக். சத்தம் தெருவைத் தாண்டிப் போனது.

சைக்கிள் கடைக்காரர் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி, ஒரு சக்கரத்துக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். எழுபது வயது முதுகு. சத்தம் பக்கத்தில் வந்தது. அவர் திரும்பாமலே, "வாங்க ஏட்டய்யா, உக்காருங்க" என்றார்.

சொன்னவரின் கை சக்கரத்தில் அப்படியே நின்றது. மெதுவாக எழுந்து திரும்பினார். எதிரே ஒரு வழுக்கைத் தலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அது குனிந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தது.

"என்னடி சொல்றாரு? கேக்குதா?" என்று அம்மா பாப்பாவின் தோளைப் பிடித்து எக்கினாள்.

"கேக்கலம்மா."

சைக்கிள் கடைக்காரரின் வாய் திறந்தது. மூடவில்லை. பிறகு அவர் இந்த ஜன்னலைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், பழைய சுத்தியல் பட்ட கட்டைவிரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"போதும், பாவம்" என்றாள் அம்மா. "அவருக்கும் ஒரு வாய் காபி போடறேன். கூப்பிடு."

பாப்பா வாசலுக்குப் போனாள். போகிற வழியில், அப்பா மூன்று கண் வரை பட்டன் தைத்து விட்டுப்போன அந்தச் சட்டையை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். நாலாவது கண்ணை இன்றைக்குத் தைத்துவிடலாம்.